பாட்டிக்குப் புரியாத பொங்கல் வாழ்த்து

இடைவேளை மணி அடித்ததும் சிற்றுண்டிச்சாலையில் எங்கள் படிவம் 4 மாணவர்கள் பேசுவதைக் கேட்டால், கார் வியாபாரிகள் கூடிப் பேசுவது போல இருக்கும். எத்தனை மெகாபிக்சல், எத்தனை ஜிகாபைட், மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று எண்கள் பறக்கும். பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரத்தானே தடை, அதைப் பற்றிப் பேசுவதற்கு இல்லையே!

அண்மையில் ஒரு மாணவி என்னிடம், “டீச்சர், உங்க போன்ல எத்தனை மெகாபிக்சல்?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். “அதுகூடப் பார்க்காமலா வாங்கினீங்க?” என்று அவள் வியந்தாள்.

நான் பார்த்தது வேறு. கடையில் விற்பனையாளர் எந்தக் கைப்பேசியை நீட்டினாலும், நான் முதலில் தமிழ் விசைப்பலகையைத் திறந்து ‘கொழுக்கட்டை’ என்று தட்டிப் பார்ப்பேன். அந்தச் சொல் எவ்வளவு எளிதாக வருகிறது, எவ்வளவு ஒழுங்காகத் திரையில் நிற்கிறது என்பதில் அந்தக் கைப்பேசியின் மென்பொருளைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும். ஏன் கொழுக்கட்டை என்று கேட்கிறீர்களா? அதற்கு என் பாட்டியின் கதையைச் சொல்ல வேண்டும்.

நான் இடைநிலைப்பள்ளியில் படித்தபோது என் பாட்டி குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தார். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். தமிழ் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை ஒரு வரி விடாமல் படிப்பார். அப்பா அவருக்கு ஒரு சிறிய கைப்பேசி வாங்கிக் கொடுத்திருந்தார். பொங்கலன்று நான் ஜொகூர் பாருவிலிருந்து அவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். தமிழ் வாழ்த்துதான், ஆனால் ஆங்கில எழுத்தில். சிறிது நேரத்தில் பாட்டியே அழைத்தார். “என்னம்மா, மலாய்ல ஏதோ அனுப்பியிருக்கே? யாருக்கோ அனுப்ப வேண்டியது எனக்கு வந்திடுச்சு போல!”

வீட்டில் எல்லாரும் சிரித்தோம். பிறகு யோசித்துப் பார்த்தால் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ரூமி எழுத்தில் எது வந்தாலும் அவருக்கு அது மலாய்தான். நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவரை, கையில் இருந்த கருவி எழுத்தறியாதவராக மாற்றிவிட்டது.

70 எழுத்தில் ஒரு கடிதம்

அன்றைக்குத் தமிழில் குறுஞ்செய்தி அனுப்புவது ஏன் அவ்வளவு கடினமாக இருந்தது? கொஞ்சம் கணக்குப் போடலாம்.

ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஒரு பைட் 8 பிட் என்பதால் மொத்தம் 1,120 பிட். ஆங்கில எழுத்து ஒன்றைக் குறிக்க 7 பிட் போதும் என்று வகுத்திருந்தார்கள். 1,120-ஐ 7-ஆல் வகுத்தால் 160. புகழ்பெற்ற ‘160 எழுத்து’ வந்த வழி இதுதான். தமிழ், சீனம், அரபு போன்ற மொழிகளின் எழுத்துகளுக்கு 16 பிட் தேவை. 1,120-ஐ 16-ஆல் வகுத்தால் 70. அதே கட்டணத்தில் பாதிக்கும் குறைவான இடம்!

அந்த 70-உம் நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளின் எண்ணிக்கை அன்று. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் ஒருங்குறி முறையில் ‘க’வின் எண் 2965. ஒகரக் குறியின் எண் 3018. ‘கொ’ என்பது நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கோ இரண்டு எண்கள். புள்ளிக்கும் தனி எண் உண்டு. ‘பொங்கல் வாழ்த்துகள்’ என்பதை எண்ணிப் பாருங்கள். நமக்குப் பத்து எழுத்தும் ஓர் இடைவெளியும். குறுஞ்செய்திக் கணக்கில் 19.

இதெல்லாம் அனுப்ப முடிந்தால்தான். அதற்கு முன் தட்டெழுத வேண்டுமே! அன்றைய கைப்பேசிகளில் 2 முதல் 9 வரையிலான எட்டு விசைகளில் ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் அடங்கின. நம்முடையவை 247. இதைத் தீர்க்க விசைகளைக் கூட்டினால் போதாது, வேறு விதமாக யோசிக்கும் மென்பொருள் தேவை.

அப்படி யோசித்தவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர். கேரித் தீவில் பிறந்த முத்து நெடுமாறன், 1980களிலேயே ‘முரசு’ என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியவர். 2005ஆம் ஆண்டு பொங்கலையொட்டி அவருடைய ‘செல்லினம்’ வெளிவந்தது. ஜாவா வசதி உள்ள கைப்பேசிகளில் அதைப் பதிந்துகொண்டால் தமிழிலேயே குறுஞ்செய்தி எழுதலாம், படிக்கலாம். பள்ளியில் அதைப் பற்றிக் கேள்விப்பட்டு ஓடிவந்தேன். என் கைப்பேசியில் ஜாவா இல்லை. பாட்டியின் கைப்பேசியில் பாம்பு விளையாட்டு மட்டும் இருந்தது.

வலிமையான கருவி ஏன் தோற்றது?

இனி கொஞ்சம் வெளியே போய்வருவோம். கைப்பேசி உலகத்தையே மாற்றிய போட்டி அந்த ஆண்டுகளில்தான் நடந்தது.

2007-இல் இரண்டு கைப்பேசிகள் சந்தைக்கு வந்தன. நோக்கியா என்95-இல் 5 மெகாபிக்சல் படக்கருவி, 3ஜி, ஜிபிஎஸ் எல்லாம் இருந்தன. ஆப்பிளின் முதல் ஐபோனில் 2 மெகாபிக்சல்தான். 3ஜி இல்லை, ஜிபிஎஸ் இல்லை, ஒரு வரியை வெட்டி ஒட்டும் வசதிகூட இல்லை. நம் சிற்றுண்டிச்சாலை நிபுணர்களிடம் கேட்டால் ஒரு நொடியில் தீர்ப்பு வந்திருக்கும். அப்போது உலகில் விற்ற கைப்பேசிகளில் ஏறக்குறைய பத்தில் நான்கு நோக்கியாவுடையவை. சிங்கத்தின் முன் பூனைக்குட்டி!

ஆனால் என்ன நடந்தது? 2011 பிப்ரவரியில் நோக்கியா தன் சிம்பியன் இயங்குதளத்தைக் கைவிட்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போனுக்கு மாறுவதாக அறிவித்தது. 2014-இல் கைப்பேசித் தொழிலையே மைக்ரோசாஃப்டுக்கு விற்றுவிட்டது.

சிம்பியன், விசைகளை அழுத்தி அம்புக்குறியை மேலும் கீழும் நகர்த்தும் காலத்தில் வளர்ந்த மென்பொருள். அதன் மேல் தொடுதிரையை ஒட்டவைத்தபோது, விரலுக்காகச் செய்யப்படாத பட்டியல்கள் விரலுக்கு முன் வந்து நின்றன. நோக்கியாவின் தொடக்கக் காலத் தொடுதிரைகள் சில, இரு மெல்லிய கடத்தும் படலங்கள் ஒன்றையொன்று தொடும்படி அழுத்தினால்தான் உணர்ந்தன. ஐபோனின் திரையோ விரல் பட்டதும் ஏற்படும் மின்னேற்ற மாற்றத்தை உணர்ந்தது, அழுத்தத் தேவையில்லை. அந்த வன்பொருளும் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் விரலை இழுக்கும் வேகத்துக்குப் பட்டியல் ஓடுவது, விரலை எடுத்த பிறகும் உராய்வால் மெல்ல நிற்பது போல ஓடி நிற்பது, இவையெல்லாம் மென்பொருள் எழுதியவர்களின் வேலை. நியூட்டனின் முதல் விதியை எங்கே பார்க்கலாம் என்று வகுப்பில் கேட்டால் நான் சில நேரம் இதைத்தான் காட்டுவேன்.

இந்தப் போட்டியின் முடிவு தமிழ் மண்ணையும் தொட்டது. சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் மாபெரும் தொழிற்சாலை 2006-இல் இயங்கத் தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர், அவர்களில் பலர் பள்ளிப்படிப்பை முடித்து வந்த இளம்பெண்கள், அங்கே கைப்பேசிகளைப் பொருத்தினார்கள். 2014 நவம்பர் 1 அன்று அங்கே உற்பத்தி நின்றது. வரி வழக்கில் சிக்கியதால் மைக்ரோசாஃப்டுக்கு விற்றவற்றில் அந்தத் தொழிற்சாலை சேரவில்லை என்பது உடனடிக் காரணம். ஆனால் நோக்கியா விற்கும் நிலைக்கு ஏன் வந்தது என்று பின்னோக்கிப் போனால், அந்தத் தடுமாறிய பட்டியல்களிடம்தான் போய் நிற்போம். அந்தப் பெண்கள் பொருத்திய கருவிகளில் குறையில்லை. அவர்கள் கை படாத ஒன்றில்தான் குறை இருந்தது.

விசை இல்லாத விசைப்பலகை

இந்தப் போட்டியால் தமிழுக்கு ஒரு வழி திறந்தது. கைப்பேசியின் முகத்தில் ஞெகிழி விசைகள் பதிந்திருந்த வரை அவற்றில் அச்சிட்ட எழுத்துதான் விதி. தொடுதிரையில் விசைப்பலகை என்பது வெறும் படம். மென்பொருளை மாற்றினால் அதே கண்ணாடியில் தமிழ் வரும், தாய்லாந்து எழுத்தும் வரும்.

சரி, படம்தானே, 247 விசைகளையும் வரைந்துவிடலாமா? விசைப்பலகைக்குத் திரையில் கிடைக்கும் இடம் 7 சென்டிமீட்டர் அகலம், 4.5 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பளவு 31.5 சதுர சென்டிமீட்டர். 247-ஆல் வகுத்தால் ஒரு விசைக்கு ஏறத்தாழ 3.6 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரம்தான் கிடைக்கும். ஒரு துவரம்பருப்பின் அளவு! உங்கள் விரல்நுனியை அதன் மேல் வைத்தால் நான்கைந்து பருப்பு மறைந்துவிடும். 1954-இல் பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் ஒன்றைக் காட்டினார்: ஓர் இலக்கைத் தொட ஆகும் நேரம், அது எவ்வளவு தொலைவில், எவ்வளவு அகலமாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சிறிய இலக்கு என்றால் கை தயங்கும், தவறும்.

அதே இடத்தில் 31 விசைகளை மட்டும் வைத்தால்? ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் சதுரம். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம். மற்ற 216 உயிர்மெய்களையும் மென்பொருள் தானே சேர்த்துக்கொள்ளட்டும்.

இதைத்தான் தமிழ் 99 விசைப்பலகை செய்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி உருவான இந்த முறையில், இடப்பக்கம் உயிர்கள், வலப்பக்கம் மெய்கள். ‘க’வைத் தட்டி ‘ஒ’வைத் தட்டினால் ‘கொ’. இதில் எனக்கு மிகவும் பிடித்தது புள்ளி வைக்கும் முறை. ‘க’வை அடுத்தடுத்து இரு முறை தட்டினால் முதல் ‘க’வின் தலையில் தானாகவே புள்ளி விழும். ‘ங’வுக்குப் பின் ‘க’, ‘ஞ’வுக்குப் பின் ‘ச’, ‘ந’வுக்குப் பின் ‘த’ வந்தாலும் அப்படியே. தமிழ்ப்பள்ளியில் இன எழுத்துகள் என்று மனப்பாடம் செய்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்த இலக்கணம்தான் இங்கே நிரலாக ஓடுகிறது. (‘மமதை’ போன்ற சொல்லில் புள்ளி வேண்டாமே என்று கேட்கும் புத்திசாலிகளுக்கு: இடையில் ‘அ’வை ஒரு முறை தட்டினால் புள்ளி வராது.)

‘கொழுக்கட்டை’யை இப்போது தட்டுங்கள். க, ஒ, ழ, உ, க, க, ட, ட, ஐ. ஒன்பது தட்டு. குறிகளையும் புள்ளிகளையும் ஒவ்வொன்றாக இட்டால் பதினொன்று. ஒரு சொல்லில் இரண்டு தட்டு மிச்சமென்றால் ஒரு நாளில் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஐபோனின் ஆங்கில விசைப்பலகையை உருவாக்கிய கென் கோசியெண்டாவும் அவருடைய குழுவினரும் வேறொரு தந்திரம் செய்தார்கள். அடுத்து எந்த எழுத்து வர வாய்ப்பு அதிகமோ, அதன் விசை நம் கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் பெரிதாகிவிடும். படம் மாறாது, தொட்டால் உணரும் எல்லை மட்டும் விரியும். நாம் சரியாகத் தட்டியதாக நினைத்துக்கொள்வோம். பாதித் திறமை மென்பொருளுடையது!

விசைப்பலகையை யார் செய்யலாம் என்பதிலும் போட்டியாளர்கள் வேறுபட்டார்கள். ஆண்டிராய்டு 2009-இலேயே வெளியார் உருவாக்கிய விசைப்பலகைகளுக்குக் கதவைத் திறந்தது. ஆப்பிள் 2014 வரை திறக்கவில்லை. ஆனால் 2013-இல் ஐஓஎஸ் 7-உடன் தமிழ் 99, அஞ்சல் ஆகிய இரு விசைப்பலகைகளைத் தானே உள்ளே வைத்துக் கொடுத்தது. திறந்துவிடுவது ஒரு வழி, தானே செய்து தருவது இன்னொரு வழி. எது சிறந்தது என்று நீங்கள் வாதிடலாம். எனக்குத் திறந்த கதவுதான் பிடிக்கும். ஆனால் பாட்டிக்கு எதையும் தேடிப் பதியத் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திரையில் ஒரு தாவ்ஃபூ

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய முதல் தொடுதிரைக் கைப்பேசியின் பெயரைச் சொல்ல மாட்டேன். பளபளவென்றிருந்தது. சித்தி தமிழில் அனுப்பிய செய்தியைத் திறந்தேன். கட்டம், கட்டம், கட்டம். கைப்பேசியில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வெற்றுக் கட்டத்தைக் காட்டும். பொறியாளர்கள் இந்தக் கட்டங்களுக்கு வைத்த செல்லப்பெயர் தாவ்ஃபூ! இரவுச் சந்தையில் வாங்குகிறோமே, அதேதான். கூகுள் எல்லா மொழிகளுக்கும் உருவாக்கிய எழுத்துருக் குடும்பத்தின் பெயர் ‘நோட்டோ’. ‘தாவ்ஃபூ வேண்டாம்’ என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது.

எழுத்துரு இருந்தாலும் போதாது. ‘கொ’வின் கதைக்குத் திரும்புவோம். கணினி வைத்திருப்பது இரண்டு எண்கள்: 2965, 3018. திரையில் வரைய வேண்டியதோ மூன்று துண்டுகள்: ஒற்றைக்கொம்பு, க, கால். அதிலும் கொம்பு ‘க’வுக்கு முன்னால் வர வேண்டும். நாம் தட்டிய வரிசை வேறு, பார்க்கும் வரிசை வேறு. இந்த இடமாற்றத்தைச் செய்யும் நிரல் இல்லையென்றால் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். ‘கொழுக்கட்டை’யின் முதல் எழுத்திலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். இந்த வேலையைச் செய்யும் ‘ஹார்ஃப்பஸ்’ என்ற கட்டற்ற மென்பொருள் இன்று ஆண்டிராய்டில் இருக்கிறது. எந்த விளம்பரத்திலும் அதன் பெயர் வராது.

விளம்பரத்தில் வராத இன்னொன்றும் உண்டு. ஆப்பிள் கணினியில் எழுத்துருப் பட்டியலைத் திறந்தால் ‘தமிழ் எம்என்’, ‘தமிழ் சங்கம் எம்என்’ என்ற பெயர்களைக் காணலாம். மலையாளம், தெலுங்கு, சிங்களம், கெமர், லாவோ எழுத்துருக்களின் பெயர்களிலும் அதே ‘எம்என்’ வரும். அது முத்து நெடுமாறன் பெயரின் முதலெழுத்துகள். கெமர் எழுத்தில் ஐபோனைப் படிக்கும் ஒருவருக்கு, கேரித் தீவில் பிறந்த ஒருவரின் கைவண்ணம் அங்கே இருப்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

மென்பொருள் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை நீங்கள் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். 2019 மே மாதம் அமெரிக்க அரசின் கட்டுப்பாட்டால் ஹுவாவே தன் புதிய கைப்பேசிகளில் கூகுள் சேவைகளைத் தர முடியாமல் போனது. அவ்வாண்டு செப்டம்பரில் வந்த மேட் 30 வரிசையின் படக்கருவியைப் பலரும் புகழ்ந்தார்கள். ஆனால் யூடியூப் இல்லை, கூகுள் வரைபடம் இல்லை, செயலிகளை இறக்கும் கூகுளின் கடையும் இல்லை. சீனாவுக்கு வெளியே அந்நிறுவனத்தின் விற்பனை சரிந்தது. இரும்பும் கண்ணாடியும் அப்படியேதான் இருந்தன.

பாட்டியிடம் வருகிறேன். அப்பா அவருக்குத் தொடுதிரைக் கைப்பேசி ஒன்றை வாங்கி, தமிழ் விசைப்பலகையையும் அமைத்துக் கொடுத்து, ஒரு ஞாயிறு முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். சில நாள் கழித்து, நான் வகுப்பு முடிந்து ஆசிரியர் அறைக்கு வந்தபோது புலனத்தில் ஒரு செய்தி இருந்தது. “கொழுக்கட்டை செய்தேன். வா.” மொத்தம் மூன்றே சொல். பாட்டி எனக்குத் தன் கையால் எழுதி அனுப்பிய முதல் செய்தி. அந்த வாரக் கடைசியில் குளுவாங்குக்குப் பேருந்து ஏறினேன்.

இப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. கண் மங்கலாகிவிட்டதால் எழுதுவதில்லை, ஒலிவாங்கியின் படத்தைத் தொட்டுப் பேசுகிறார், கைப்பேசி அதை எழுத்தாக்குகிறது. அடுத்த போட்டி நடப்பது இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள், எந்தக் குரல்களைக் கேட்டுப் பழகியதோ அந்தக் குரல்களைத்தான் நன்றாகப் புரிந்துகொள்ளும். நாம் பேசும் தமிழில் மலாய் கலந்திருக்கும். தோட்டத்துப் பேச்சுக்குத் தனி இழுவையும் உண்டு.

சென்ற பள்ளி விடுமுறையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். “கொழுக்கட்டைக்குத் தேங்கா துருவணும், கெடாய்ல கூலா மெலாக்கா வாங்கிட்டு வா” என்றார். கொழுக்கட்டை திரையில் பிசகில்லாமல் வந்தது, தேங்காயும் வந்தது. கூலா மெலாக்கா ‘கூல மேளக்கா’ ஆகியிருந்தது. நான் வாசித்துக் காட்டியதும் பாட்டி கைப்பேசியை வாயருகே கொண்டுபோய், சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போல மெதுவாக இன்னொரு முறை சொன்னார்.